ஆஸ்பிரின் 117 சதவீதம் வருமா? கரிமத் தயாரிப்பில் ஈல்டு (விளைச்சல்) கணக்கிடுவது, படிப்படியாக

ஆஸ்பிரின் தயாரிப்பு நடந்த நாள். கடைசி மேசையிலிருந்து ஒரு மாணவி ரெக்கார்டு நோட்டோடு வந்து நின்றாள். "சார், ஈல்டு 117 சதவீதம் வருது." பக்கத்தில் இருந்தவன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படிக்கிற காலத்தில் நானே 130-க்கு மேல் ஒரு எண்ணை எழுதி, அடியில் இரட்டைக் கோடு வேறு போட்டுக் கொடுத்தவன்.

"எங்கேம்மா, வாட்ச் கிளாஸைக் கொண்டு வா, பார்ப்போம்."

கொண்டு வந்தாள். ஈர அரிசி மாவு மாதிரி படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. அந்தக் கண்ணாடித் தட்டைச் சாய்த்தால் ஓரத்தில் தண்ணீர் பளபளத்தது. எடை 3.05 கிராம். டெசிகேட்டரில் (ஈரத்தை உறிஞ்சும் மூடிய பாத்திரம்) வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். மறுநாள் நிறுத்தபோது 2.35 கிராம், கணக்கு 90 சதவீதத்துக்கு இறங்கியது. அதைக் கரைத்து மறுபடிகமாக்கிக் காயவைத்த பிறகு 2.11 கிராம், 81 சதவீதம். ஒரே குடுவை, ஒரே வினை, மூன்று ஈல்டு. மூன்று முறையும் கால்குலேட்டர் சரியாகத்தான் போட்டது.

அந்த ஆஸ்பிரினையே கையில் வைத்துக்கொண்டு முழுக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். ஆஸ்பிரினில் வராத சிக்கல்களுக்கு மட்டும் வேறு ஒன்றிரண்டு தயாரிப்புகளைத் தொட்டுக்கொள்வோம்.

எதை எதால் வகுக்கிறோம்?

பாடப்புத்தகத்தில் 'விளைச்சல் சதவீதம்' என்று இருக்கும். ஆய்வகத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, 'ஈல்டு எவ்வளவு' என்றுதான் கேட்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

ஈல்டு சதவீதம் = (கையில் கிடைத்த எடை ÷ அதிகபட்சம் கிடைத்திருக்கக்கூடிய எடை) × 100

மேலே இருப்பதைத் தராசு சொல்லும். கீழே இருப்பதைச் சமன்பாடு சொல்லும். அந்தக் கீழ் எண்ணுக்குக் கோட்பாட்டு விளைச்சல் என்று பெயர். போட்ட பொருளில் ஒரு மூலக்கூறுகூட வீணாகாமல் முழுவதும் விளைபொருளாக மாறி, அதில் ஒரு துகள்கூடச் சிந்தாமல் கைக்கு வந்திருந்தால் எவ்வளவு எடை இருக்கும் என்பதே அது.

பலர் முதல் அடியிலேயே சறுக்குவது, கீழே தொடக்கப் பொருளின் எடையைப் போட்டுவிடுவதில். மெத்தில் சாலிசிலேட்டை, அதாவது கடையில் விற்கும் வின்டர்கிரீன் எண்ணெயின் முக்கியப் பொருளை, சோடியம் ஹைட்ராக்சைடுடன் கொதிக்கவைத்து, அமிலம் சேர்த்து சாலிசிலிக் அமிலம் எடுக்கும் சோதனையைப் பாருங்கள். 3.00 கிராம் போட்டு 2.45 கிராம் எடுத்தவர் 2.45-ஐ 3.00-ஆல் வகுத்து 82 என்று எழுதுவார். ஆனால் வினையில் மூலக்கூறு ஒரு மெத்தில் தொகுதியை இழந்துவிடுகிறது. மெத்தில் சாலிசிலேட்டின் மோலார் நிறை (ஒரு மோல், அதாவது ஒரு குறித்த எண்ணிக்கை மூலக்கூறுகளின் எடை, கிராமில்) 152.15, சாலிசிலிக் அமிலத்துடையது 138.12. எவ்வளவு கெட்டிக்காரர் செய்தாலும் 3.00 கிராமிலிருந்து 2.72 கிராமுக்கு மேல் வராது. அவருடைய உண்மையான ஈல்டு 90. தன் வேலைக்குத் தானே குறைத்து மதிப்பெண் போட்டுக்கொண்டார்.

ஆஸ்பிரினில் இது தலைகீழாக நடக்கும். மூலக்கூறு ஒரு அசிட்டைல் தொகுதியைச் சேர்த்துக்கொண்டு கனக்கிறது. 2.00 கிராம் போட்டு 2.11 கிராம் எடுத்தவர் கிராமைக் கிராமால் வகுத்தால் 105.5 சதவீதம் வரும். கிராம் மாறும், மூலக்கூறுகளின் எண்ணிக்கைதான் கணக்குக்கு நிற்கும். அதனால்தான் எல்லாவற்றையும் முதலில் மோலுக்கு மாற்றுகிறோம்.

படி 1: சமன்பாட்டைச் சமன் செய்யுங்கள்

சாலிசிலிக் அமிலம் + அசிட்டிக் அன்ஹைட்ரைடு → ஆஸ்பிரின் + அசிட்டிக் அமிலம்

நான்குக்கும் கெழு, அதாவது சமன்பாட்டில் முன்னால் நிற்கும் எண், 1. அன்ஹைட்ரைடில் இரண்டு அசிட்டைல் தொகுதிகள் இருக்கின்றனவே, ஒரு மூலக்கூறு அன்ஹைட்ரைடு இரண்டு மூலக்கூறு ஆஸ்பிரினைத் தராதா என்று ஒவ்வொரு ஆண்டும் யாராவது கேட்பார்கள். நல்ல கேள்விதான். ஒரு தொகுதி சாலிசிலிக் அமிலத்தில் போய் உட்காரும். மற்றது அசிட்டிக் அமிலமாக வெளியேறிவிடும். அது வினைபுரியும் வேகத்தை இழந்துவிட்டதால், இந்தச் சூழலில் கணக்கில் வராது.

ஐந்தாறு சொட்டு விடுகிற கந்தக அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ வினைவேகமாற்றி மட்டுமே. அதற்குக் கணக்கில் இடமில்லை. கரைப்பானுக்கும் இல்லை, கழுவப் பயன்படுத்திய தண்ணீருக்கும் இல்லை.

படி 2: மோலார் நிறை

ஆஸ்பிரினில் கார்பன் 9, ஹைட்ரஜன் 8, ஆக்சிஜன் 4. கையாலேயே போடலாம்:

9 × 12.011 = 108.099
8 × 1.008 = 8.064
4 × 15.999 = 63.996
மொத்தம் 180.16 கிராம்/மோல்

இதே போல சாலிசிலிக் அமிலம் 138.12, அசிட்டிக் அன்ஹைட்ரைடு 102.09, அசிட்டிக் அமிலம் 60.05. இங்கே ஒரு சின்ன சோதனை செய்துவிடுங்கள். இடப்பக்கம் 138.12 + 102.09 = 240.21. வலப்பக்கம் 180.16 + 60.05 = 240.21. இரண்டும் ஒத்துப்போனால் சமன்பாடும் சரி, கூட்டலும் சரி. முப்பது விநாடி வேலை, ஆனால் பாதிப் பிழைகள் இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

படிகநீர் உள்ள உப்பு என்றால் புட்டியின் லேபிளைப் பார்த்து, அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான் மோலார் நிறை எடுக்க வேண்டும்.

படி 3: போட்டது ஒவ்வொன்றும் எத்தனை மோல்?

திடப்பொருள் எளிது. சாலிசிலிக் அமிலம் 2.00 கிராம்:

2.00 ÷ 138.12 = 0.0145 மோல்

திரவம் என்றால் இடையில் ஒரு படி கூடும். அன்ஹைட்ரைடை அளவுசாடியில் 5.0 மி.லி. எடுத்தோம். மி.லி.-ஐ நேரடியாக மோலார் நிறையால் வகுக்கக் கூடாது. முதலில் அடர்த்தியால் பெருக்கிக் கிராம் ஆக்க வேண்டும். அடர்த்தி 1.08:

5.0 × 1.08 = 5.40 கிராம்
5.40 ÷ 102.09 = 0.0529 மோல்

கரைசல் என்றால் அடர்த்தி வேண்டாம், மோலாரிட்டி (ஒரு லிட்டரில் எத்தனை மோல்) போதும். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏறக்குறைய 12 மோலார். அதில் 5 மி.லி. எடுத்தால் 0.005 × 12 = 0.060 மோல். மி.லி.-ஐ லிட்டராக மாற்ற மறந்தால் விடை ஆயிரம் மடங்கு ஏறிவிடும். நல்லவேளையாக அந்தப் பிழை பார்த்த உடனே தெரிந்துவிடும்.

லேபிளில் தூய்மை 98% என்று போட்டிருந்தால் எடையை 0.98-ஆல் பெருக்கிவிட்டுத் தொடங்குங்கள். பழைய அன்ஹைட்ரைடு புட்டியில் கொஞ்சம் கவனம் தேவை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி அது மெல்ல மெல்ல அசிட்டிக் அமிலமாகிக்கொண்டே இருக்கும். குடுவையைக் கழுவிவிட்டு ஈரத்தோடு பயன்படுத்துகிறவர்களும் உண்டு. அவர்களுக்காக ஒரு கணக்கு: 1 மி.லி. தண்ணீர் என்பது 0.055 மோல். நாம் போட்ட 5 மி.லி. அன்ஹைட்ரைடு மொத்தமே 0.053 மோல். குடுவையின் அடியில் தேங்கி நிற்கும் அந்த ஒரு மி.லி. ஈரம், போட்ட அன்ஹைட்ரைடு முழுவதையும் சாப்பிட்டுவிடும் அளவுக்குப் போதும்.

படி 4: எது முதலில் தீரும்?

ஆட்டோவுக்கு மூன்று சக்கரம். உங்களிடம் 12 சக்கரமும் 5 வண்டிக்கூடும் இருந்தால் ஓடுகிற ஆட்டோ நான்குதான். எண்ணிக்கையில் சக்கரம் அதிகம், ஆனாலும் முதலில் தீர்ந்துபோவது சக்கரமே. வேதியியலில் இப்படி முதலில் தீர்வதை வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்கிறோம். கோட்பாட்டு விளைச்சலை அதை வைத்துத்தான் போட வேண்டும்.

ஆஸ்பிரினில் சிக்கலே இல்லை. இரண்டின் கெழுவும் 1, ஒன்று 0.0145 மோல், மற்றது 0.0529 மோல். சாலிசிலிக் அமிலம்தான் முதலில் தீரும். அன்ஹைட்ரைடு மூன்றரை மடங்குக்கு மேல் வேண்டுமென்றே அதிகமாகப் போடப்படுகிறது. அதுவே கரைப்பானாகவும் இருக்கிறது, வினையை முன்னோக்கித் தள்ளவும் செய்கிறது.

கெழுக்கள் வேறுபடும்போதுதான் மாட்டிக்கொள்வோம். டைபென்சால் அசிட்டோன் தயாரிப்பை எடுத்துக்கொள்வோம். பளிச்சென்ற மஞ்சள் படிகங்கள், பார்க்கவே அழகாக இருக்கும்.

2 பென்சால்டிஹைடு + 1 அசிட்டோன் → 1 டைபென்சால் அசிட்டோன் + 2 தண்ணீர்

பென்சால்டிஹைடு 5.0 மி.லி., அடர்த்தி 1.04, மோலார் நிறை 106.12. ஆக 5.20 கிராம், 0.0490 மோல். அசிட்டோன் 2.0 மி.லி., அடர்த்தி 0.79, மோலார் நிறை 58.08. ஆக 1.58 கிராம், 0.0272 மோல்.

வகுப்பில் பாதிப் பேர் அசிட்டோன்தான் குறைவு என்று கை தூக்குவார்கள். மோல் எண் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு அசிட்டோனுக்கு இரண்டு பென்சால்டிஹைடு செலவாகிறது. எனவே ஒவ்வொன்றின் மோலையும் அதன் கெழுவால் வகுத்துவிட்டு ஒப்பிட வேண்டும்:

பென்சால்டிஹைடு: 0.0490 ÷ 2 = 0.0245
அசிட்டோன்: 0.0272 ÷ 1 = 0.0272

சிறியது பென்சால்டிஹைடின் எண். அதுதான் முதலில் தீரும். இந்த 0.0245 என்ற எண்ணுக்கு இன்னொரு வசதியும் உண்டு: விளைபொருளின் கெழு 1 என்பதால், கிடைக்கக்கூடிய டைபென்சால் அசிட்டோனின் மோல் எண்ணிக்கையும் இதுவே. 0.0245 × 234.3 = 5.74 கிராம். கையில் 4.30 கிராம் வந்திருந்தால் ஈல்டு 75 சதவீதம். அசிட்டோனை வைத்துப் போட்டவருக்குக் கீழ் எண் 6.37 ஆகி, ஈல்டு 67.5 சதவீதமாகத் தெரியும். 67.5 என்பதும் நம்பும்படியான எண்தான். 117-ஐப் பார்த்தால் எவருக்கும் சந்தேகம் வரும், 67.5-ஐப் பார்த்து யாருக்கும் வராது. எனக்கு இந்த வகைப் பிழையைக் கண்டால்தான் பயம்.

இங்கே ஒரு நடைமுறை விஷயம். முதலில் தீரும் பொருளைத் தராசில் நிறுத்துப் போடுங்கள், அது திரவமாக இருந்தாலும் சரி. அதிகமாகப் போடும் பொருளுக்கு அளவுசாடி போதும். முழு ஈல்டும் முதலில் தீரும் பொருளின் எண்ணில்தான் தொங்குகிறது.

படி 5: கோட்பாட்டு விளைச்சல்

0.01448 மோல் சாலிசிலிக் அமிலத்திலிருந்து 0.01448 மோல் ஆஸ்பிரின். 0.01448 × 180.16 = 2.61 கிராம். இடைப்பட்ட எண்ணை 0.014 என்று சுருக்கிவிட்டுப் பெருக்கினால் 2.52 வரும். அதனால் நடுவில் சுருக்காதீர்கள், கால்குலேட்டரில் முழு எண்ணையும் ஓடவிட்டுக் கடைசியில் சுருக்குங்கள்.

இந்தக் கணக்கைச் சோதனைக்குப் போகுமுன்பே போட்டு வைத்துக்கொள்வது நல்லது. 2.61 என்ற எண் நோட்டில் இருந்திருந்தால், தராசு 3.05 காட்டிய உடனேயே அந்த மாணவிக்குப் புரிந்திருக்கும்.

படி 6: நிறுப்பது

மற்ற படிகள் எல்லாம் மேசையில் உட்கார்ந்து செய்பவை. இதுதான் கை வேலை, ஈல்டு நாசமாவதும் பெரும்பாலும் இங்கேதான்.

வாட்ச் கிளாஸை முதலில் காலியாக நிறுத்து, எடையை நோட்டில் எழுதுங்கள். துண்டுக் காகிதத்தில் எழுதினால் அது குப்பைக்குப் போகும், நான் பார்த்திருக்கிறேன். பக்னர் புனலில் (கீழிருந்து காற்றை உறிஞ்சி வடிகட்டும் புனல்) வடிகட்டிய பின் உறிஞ்சலை உடனே நிறுத்தாமல், காற்று ஐந்து பத்து நிமிடம் படிகங்களின் ஊடாக ஓடட்டும். கண்ணாடிக் கம்பியின் தட்டையான முனையால் கட்டியை மெல்ல அமுக்கினால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் இறங்கும். அப்புறம் வடிதாளிலிருந்து படிகங்களைத் தட்டி எடுக்க வேண்டும், சுரண்டக் கூடாது. சுரண்டினால் தாளின் நார் கூடவே வரும், எடையிலும் ஏறும்.

பிறகு உலர்த்தல். ஆஸ்பிரினை அவசரப்பட்டுச் சூடான அடுப்பில் வைக்காதீர்கள். ஈரத்தோடு சூடானால் அது நீராற்பகுப்படைந்து சாலிசிலிக் அமிலமும் அசிட்டிக் அமிலமுமாகப் பிரியும். பழைய ஆஸ்பிரின் மாத்திரைப் புட்டியைத் திறந்தால் வினிகர் வாடை அடிக்கும் இல்லையா, அதே கதைதான். காற்றிலோ டெசிகேட்டரிலோ ஒரு நாள் விடுங்கள்.

காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? கண்ணை நம்பாதீர்கள். நிறுங்கள், ஒரு மணி நேரம் கழித்து மறுபடி நிறுங்கள். இரண்டு எடையும் 0.01 கிராமுக்குள் ஒத்துப்போனால் காய்ந்துவிட்டது. குறைந்துகொண்டே போனால் காத்திருங்கள். மறுநாள் வரமுடியாது என்பதால் ஈரத்தோடு நிறுத்து எழுதி முடிக்கிறோம். வகுப்பு மூன்று மணி நேரம்தான் என்பது படிகங்களுக்குத் தெரியாது.

படி 7: வகுத்தல்

2.11 ÷ 2.61 × 100 = 80.8 சதவீதம்

ரெக்கார்டில் 81% என்று எழுதலாம், 80.8% என்றும் எழுதலாம். கால்குலேட்டர் காட்டுகிறதே என்று 80.84291% என எழுதுவது, இரண்டு தசமம் வரை மட்டுமே காட்டும் தராசை வைத்துக்கொண்டு பொய் சொல்வது. தொடக்க எடை மூன்று முக்கிய எண்ணுருக்களில் இருந்தால் விடையும் மூன்றில் நிற்கட்டும்.

எடை மட்டும் போதாது, தூய்மையும் வேண்டும்

மறுநாள் வந்த 2.35 கிராம் முழுவதும் ஆஸ்பிரின்தானா? ஒரு சிட்டிகையைக் கரைத்து ஒரு சொட்டு ஃபெரிக் குளோரைடு விட்டதும் நீலம் கலந்த ஊதா நிறம் வந்தது. ஃபீனால் தொகுதி இருந்தால்தான் அந்த நிறம் வரும். ஆஸ்பிரினில் அந்தத் தொகுதி மூடப்பட்டிருக்கும், சாலிசிலிக் அமிலத்தில் திறந்திருக்கும். ஆக வினைபுரியாத சாலிசிலிக் அமிலமும் கூடவே இருக்கிறது. உருகுநிலையும் அதையே சொன்னது: தூய ஆஸ்பிரின் 135 டிகிரியை ஒட்டி உருக வேண்டும், இது அதற்குக் கீழேயே இளகி, மூன்று நான்கு டிகிரி இழுத்துக்கொண்டு உருகியது.

எனவே 90 சதவீதம் என்பது 'தூய்மையாக்காத' ஈல்டு. அப்படியே குறிப்பிட்டு எழுதினால் தவறில்லை. குறிப்பிடாமல் எழுதினால் படிப்பவர் அதைத் தூய பொருளின் ஈல்டு என்றே எடுத்துக்கொள்வார். தூய்மை அளந்து தெரிந்திருந்தால் கணக்கிலேயே கழித்துவிடலாம். ஒரு பேச்சுக்கு, அந்த 2.35 கிராமில் 8% சாலிசிலிக் அமிலம் என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பிரின் 2.35 × 0.92 = 2.16 கிராம், ஈல்டு 83 சதவீதம். மறுபடிகமாக்கலுக்குப் பின் வந்த 81-க்கு இது எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது பாருங்கள். தூய்மையாக்கியதால் ஈல்டு 90-லிருந்து 81-க்கு விழுந்துவிட்டதே என்று மாணவர்கள் வருந்துவார்கள். விழுந்ததில் பெரும்பகுதி ஆஸ்பிரினே அல்ல.

ஆய்வுக் கட்டுரைகளில் என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) ஈல்டு என்று ஒன்றைப் பார்ப்பீர்கள். பொருளைப் பிரித்தெடுக்காமல், வினைக்கலவையில் அளவு தெரிந்த வேறொரு பொருளைச் சேர்த்து, இரண்டின் சமிக்ஞைகளை ஒப்பிட்டுச் சொல்வது அது. பிரித்தெடுத்து நிறுத்த ஈல்டு அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஒப்பிடும்போது இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

காணாமல் போன அரை கிராம்

2.61 வர வேண்டும், 2.11 வந்தது. மிச்சம் எங்கே? இந்தக் கேள்விக்குப் பதில் எழுதும் ரெக்கார்டுக்கு நான் எண்ணை விட அதிக மதிப்பு கொடுப்பேன்.

கொஞ்சம் தண்ணீரில் போயிருக்கும். ஆஸ்பிரின் அறை வெப்பநிலையில் லிட்டருக்குச் சுமார் 3 கிராம் கரையும். படிகங்களை இறக்கவும் கழுவவும் 50 மி.லி. செலவழித்தால் 0.15 கிராம், அதாவது ஏறக்குறைய 6 சதவீத ஈல்டு, வடிநீரோடு சாக்கடைக்குப் போய்விடும். பனிக்கட்டி நீரில் கரைதிறன் இதைவிடக் குறைவு. 'குளிர்ந்த நீரால், சிறிது சிறிதாகக் கழுவவும்' என்று செய்முறையில் இருப்பதன் பொருள் இதுதான்.

கொஞ்சம் வினையே புரியாமல் நின்றிருக்கும். ஊதா நிறம் அதற்குச் சாட்சி. கொஞ்சம் குடுவைச் சுவரிலும் கம்பியிலும் வடிதாளிலும் ஒட்டியிருக்கும். 2 கிராம் அளவில் செய்யும்போது ஒட்டிப்போகும் 0.05 கிராம்கூட 2 சதவீதம். 200 கிராம் அளவில் அது கணக்கிலேயே வராது. சின்ன அளவில் செய்கிறவர்களுக்கு ஈல்டு குறைவதற்கு இது ஒரு நியாயமான காரணம்.

சில வினைகளில் கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஒரு எல்லைக்கு மேல் போகாது. அசிட்டிக் அமிலத்தையும் எத்தனாலையும் சம மோல் எடுத்து எஸ்டர் தயாரித்தால் சமநிலை மாறிலி ஏறக்குறைய 4. கணக்குப் போட்டால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 67 சதவீதத்தில் வினை நின்றுவிடும். அப்படியிருந்தும் கோட்பாட்டு விளைச்சலை முழு மாற்றம் நடந்ததாக வைத்தே போட வேண்டும். 67-ஐ நூறாக வைத்துக் கணக்கிடக் கூடாது. ஈல்டை ஏற்ற வேண்டுமென்றால் எத்தனாலை அதிகமாக்குங்கள், அல்லது உருவாகும் தண்ணீரை வெளியேற்றுங்கள்.

நூறைத் தாண்டினால் முதலில் ஈரத்தைச் சந்தேகியுங்கள். பிறகு கரைப்பான் எச்சம். உலர்த்தப் போட்ட சோடியம் சல்பேட் போன்ற உப்பு வடிகட்டும்போது நழுவி வந்திருக்கலாம். வாட்ச் கிளாஸின் எடையைக் கழிக்க மறந்திருக்கலாம். எல்லாம் சரியென்றால் படி 4-க்குத் திரும்புங்கள். நூறைத் தாண்டியதை 98 என்று திருத்தி எழுதுவது மட்டும் வேண்டாம். 117-ஐ எழுதி, பக்கத்தில் 'பொருள் ஈரமாக இருந்தது' என்று குறித்தால் எந்தத் தேர்வாளரும் கடிக்கமாட்டார்.

பல படிகள் சேர்ந்தால்

அனிலினிலிருந்து பாரா புரோமோ அனிலின் போக வேண்டும். நேராகப் புரோமினைப் போட்டால் மூன்று இடத்திலும் ஏறிவிடும். அதனால் முதலில் அசிட்டனிலைடாக்கி, பிறகு புரோமின் ஏற்றி, கடைசியில் அசிட்டைலை நீக்குகிறோம். மூன்று படிகளின் ஈல்டு முறையே 80, 75, 70 என்று வைத்துக்கொண்டால்:

0.80 × 0.75 × 0.70 = 0.42

மொத்த ஈல்டு 42 சதவீதம். கூட்டிச் சராசரி எடுத்து 75 என்று எழுதக் கூடாது, பெருக்கத்தான் வேண்டும். முதல் படியில் கிடைத்த அசிட்டனிலைடு முழுவதையும் இரண்டாம் படிக்குப் போடாமல், உருகுநிலைக்கும் ரெக்கார்டோடு காட்டுவதற்கும் என்று கொஞ்சம் எடுத்து வைத்திருப்பீர்கள். அப்போது கடைசி எடையை முதல் எடையோடு நேராக ஒப்பிட்டால் மொத்த ஈல்டு குறைவாகத் தெரியும். படிவாரியாகப் போட்டுப் பெருக்கினால் அந்தப் பிழை வராது.

இந்தப் பெருக்கல் எவ்வளவு கொடூரமானது என்பதற்குப் புரதத் தயாரிப்பைப் பார்க்கலாம். அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோக்கும்போது, படிக்கு 95 சதவீதம் என்றால் 50 படியில் மிஞ்சுவது 8 சதவீதத்துக்கும் குறைவு. அதையே 99 ஆக்கினால் 60 சதவீதம் மிஞ்சும். ராபர்ட் புரூஸ் மெரிஃபீல்ட் 1963-இல் வெளியிட்ட முறையில் சங்கிலி ஒரு பிசின் மணியில் ஒட்டிக்கொண்டே வளரும். அதிகமாகப் போட்டதைக் கழுவி ஊற்றிவிடலாம், ஒவ்வொரு படியிலும் எடுத்துத் தூய்மையாக்கி இழக்க வேண்டியதில்லை. 1984-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

படிகளையே குறைப்பது இன்னொரு வழி. ட்ரோபினோன் என்ற சேர்மத்தை வில்ஸ்டாட்டர் 1901-இல் சைக்ளோஹெப்டனோனிலிருந்து நீண்ட வழியில் தயாரித்தபோது மொத்த ஈல்டு 0.75 சதவீதம். 1917-இல் ராபர்ட் ராபின்சன் மூன்று எளிய பொருள்களை ஒரே குடுவையில் சேர்த்து 17 சதவீதம் எடுத்தார். பின்னால் வந்தவர்கள் கரைசலின் அமிலத்தன்மையைச் சரிசெய்து அதை 90-க்கு மேல் கொண்டுபோனார்கள்.

ஈல்டு மட்டும் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. நமது ஆஸ்பிரின் 100 சதவீத ஈல்டில் வந்தாலும், உள்ளே போன 240.21 கிராமில் 180.16 கிராம்தான் ஆஸ்பிரின். மீதி அசிட்டிக் அமிலம். இந்த 75 சதவீதத்துக்கு அணுச் சிக்கனம் என்று பெயர். பேரி ட்ரோஸ்ட் 1991-இல் இந்தக் கருத்தை முன்வைத்தார். இரண்டும் வேறு வேறு கணக்குகள், ஒன்றை மற்றதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கைக்கு ஒன்று

அசிட்டனிலைடு தயாரிப்பு. அனிலின் 2.0 மி.லி. (அடர்த்தி 1.02, மோலார் நிறை 93.13), அசிட்டிக் அன்ஹைட்ரைடு 3.0 மி.லி. கெழு எல்லாம் 1. அசிட்டனிலைடின் மோலார் நிறை 135.17. மறுபடிகமாக்கி, இரண்டு முறை நிறுத்து எடை மாறாமல் நின்றது 2.25 கிராம். கீழே பார்க்காமல் போட்டுப் பாருங்கள்.

அனிலின் 2.04 கிராம், 0.0219 மோல். அன்ஹைட்ரைடு 3.24 கிராம், 0.0317 மோல். முதலில் தீர்வது அனிலின். கோட்பாட்டு விளைச்சல் 2.96 கிராம். ஈல்டு 76 சதவீதம். உங்களுக்கு 77.5 வந்திருந்தால் அனிலினின் அடர்த்தியை விட்டுவிட்டு 2.0 மி.லி.-ஐ 2.0 கிராம் என்று எடுத்திருக்கிறீர்கள். 52.5 வந்திருந்தால் அன்ஹைட்ரைடை வைத்துப் போட்டிருக்கிறீர்கள். 110-க்குப் பக்கத்தில் வந்திருந்தால், கிராமைக் கிராமால் வகுத்திருக்கிறீர்கள்.